தாலூகா போர்டு மெம்பரின் டைரிக் கட்டு: 19ஆம் நூற்றாண்டு கிராமத்து அரசியல்வாதியின் தாள்களைப் படிப்பதற்கு ஒரு முழு வழிகாட்டி

பழைய வீட்டை இடிக்கும்போது பரணிலிருந்து ஒரு பெட்டி இறங்கும். உள்ளே இரண்டு மூன்று தடித்த நோட்டுகள், துணியில் சுற்றிய கடிதக் கட்டு, கம்பியில் குத்திக் கோத்த ரசீதுகள், கொஞ்சம் ஓலை, எலி கடித்த கணக்குப் புத்தகம். நோட்டைப் பிரித்துப் பார்த்தால் கொள்ளுத் தாத்தாவின் டைரி. "தாத்தா அந்தக் காலத்தில் தாலூகா போர்டு மெம்பர்" என்று வீட்டுப் பெரியவர் சொல்வார். டைரியை யாராவது ஒருவர் பத்திரமாக எடுத்துக்கொள்வார். மற்றதெல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போகும்.

அந்த மற்றதற்காகத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். டைரியில் ஒரு மனிதர் தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பியதைச் சொல்கிறார். அவர் என்ன செய்தார் என்பது ரசீதிலும் கைச்சீட்டிலும் அடித்துத் திருத்திய மனு நகலிலும் இருக்கிறது. இரண்டும் ஒரே பெட்டியில் கிடைத்திருக்கும்போது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது பெரிய இழப்பு.

இங்கே நான் பேசுவது சென்னை மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களைப் பற்றி மட்டும்.

முதல் படி: அவர் எந்த மாதிரி அரசியல்வாதி என்று தெரிந்துகொள்ளுங்கள்

அந்தக் காலத்துக் கிராமத்து அரசியல்வாதி ஊர் ஊராய் ஓட்டுக் கேட்டவர் இல்லை. பெரும்பாலும் மிராசுதார், ஜமீன் காரியஸ்தர், வக்கீல், அல்லது பெரிய பட்டாதாரர். கலெக்டர் கச்சேரிக்கும் (அலுவலகத்துக்கும்) ஊருக்கும் நடுவில் நின்று பேசியவர். பெட்டிக்குள் எதைத் தேடுவது என்பதற்குச் சில வருஷங்களை நினைவில் வைத்திருந்தால் போதும்.

1854-55இல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அமர்ந்தது. வரி வசூலுக்காகக் குடியானவர்களை அடித்தும் வதைத்தும் வந்த கொடுமை பற்றி மக்கள் அதற்கு மனு கொடுத்தார்கள். மனு எழுதும் பழக்கம் அதற்கு முன்பும் இருந்தது. ஆனாலும் அந்த வருஷங்களை ஒட்டிய தேதியில் அர்ஜி (மனு) நகல் ஏதாவது கிடைத்தால் அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். 1871இல் லோக்கல் பண்ட் சட்டம் வந்தது. சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி ஆகியவற்றுக்காக நிலவரியோடு செஸ் என்ற கூடுதல் வரி வசூலித்து, அதைச் செலவிட போர்டுகளை அமைத்தார்கள். கலெக்டர் தலைவர், ஊர்ப் பெரிய மனிதர்கள் நியமன உறுப்பினர்கள். 1884ஆம் வருஷத்து உள்ளாட்சிச் சட்டம் ஜில்லா போர்டு, தாலூகா போர்டு, யூனியன் பஞ்சாயத்து என்று மூன்று அடுக்கைக் கொண்டுவந்தது. 1885இல் காங்கிரஸ் தொடங்கியது. 1887இல் அதன் மூன்றாவது மாநாடு சென்னையில் கூடியது. 1892ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு, சட்டசபைக்கு ஆளைப் பரிந்துரைப்பதில் ஜில்லா போர்டுகளுக்கும் பங்கு கிடைத்தது. அந்த வருஷங்களில் "ஆதரவு தரவேண்டும்" என்று வந்த கடிதம் கட்டில் இருந்தால், அதுதான் அவர் கண்ட தேர்தல்.

இரண்டாம் படி: கட்டைப் பிரிப்பதற்கு முன் நிறுத்துங்கள்

இதில் நான் ஒரு முறை தவறு செய்திருக்கிறேன். முதன்முதலில் கையில் கிடைத்த ஒரு கடிதக் கட்டின் நூலை அறுத்து, தாள்களைத் தேதி வாரியாக அடுக்கினேன். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. பல வாரம் கழித்துத்தான் புரிந்தது: அவர் கட்டியிருந்தது தேதிப்படி இல்லை, வழக்குப்படி. ஒரு வாய்க்கால் தகராறு சம்பந்தமான தாள்கள் எல்லாம் ஒரே கட்டில் இருந்திருக்கின்றன. எந்த ரசீது எந்த மனுவோடு சேர்ந்தது என்பது அந்த நூல் முடிச்சில்தான் இருந்தது. அதை மறுபடி கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஆகவே, பெட்டியைத் திறந்தவுடன் மேலிருந்து ஒரு போட்டோ எடுங்கள். ஒவ்வொரு கட்டையும் எடுக்கும் முன் ஒரு போட்டோ, எடுத்த பின் ஒரு போட்டோ. கட்டுகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுங்கள். கட்டுக்குள் இருக்கும் தாள்களுக்கு 1-1, 1-2 என்று போகட்டும். எண்ணை மெல்லிய பென்சிலால் தாளின் மூலையில் எழுதலாம். பேனா வேண்டாம், ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். கம்பியில் கோத்த ரசீதுகளையும் கோத்த வரிசையிலேயே கழற்றி, அதே வரிசையில் எண் போடுங்கள்.

மூன்றாம் படி: தூசியும் பூச்சியும்

இதில் கெட்டிக்காரத்தனம் காட்ட ஆசைப்படாதீர்கள். மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூசியைத் தட்டினால் போதும். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காமல், தாளுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி மெதுவாகக் கழற்றுங்கள். கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் அதன் பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். லாமினேஷன் செய்தால் தாளைத் திரும்பப் பெறவே முடியாது.

எழுத்தைச் சுற்றித் தாள் பழுப்பாகி, சில இடத்தில் எழுத்தின் வடிவிலேயே ஓட்டை விழுந்திருந்தால், அது இரும்புச் சத்துள்ள மை தாளை அரித்ததன் அடையாளம். அந்தத் தாளை மடிக்காதீர்கள். ஊதா நிறத்தில், மிக மெல்லிய தாளில், பின்பக்கமாகத் தெரியும் எழுத்து இருந்தால் அது அச்சுப் பெட்டியில் வைத்து அழுத்தி எடுத்த கடித நகல். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கரைந்து ஓடிவிடும். ஓலைக்குப் போடும் எண்ணெயைக் காகிதத்துக்குப் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஓலை வேறு, காகிதம் வேறு. ஓலையைத் தனியாக எடுத்துவைத்து, தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்.

பூச்சி உயிரோடு இருந்தால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் மூடி, ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைத் திறக்காமல் விடுங்கள். அந்துருண்டை வேண்டாம்.

நான்காம் படி: கையெழுத்தோடு பழகுதல்

பலர் கைவிடுவது இங்கேதான். முதல் பக்கத்தைப் பார்த்ததும் "இது தமிழா?" என்று தோன்றும். தமிழ்தான். ஆனால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்று எழுத்தில் தெரியாது. காலும் (ா) ரகரமும் ஒன்று போலவே இருக்கும். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய ணா, றா, னா, லை, னை வடிவங்கள் வேறு. போதாக்குறைக்கு வடமொழி, இந்துஸ்தானி, தெலுங்கு, ஆங்கிலச் சொற்கள் எல்லாம் தமிழ் எழுத்தில் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கும்.

ஒரு வழி சொல்கிறேன். முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். கடிதங்களை எடுத்து அவற்றின் தலைப்பையும் முடிவையும் மட்டும் படியுங்கள். மேலே பிள்ளையார் சுழி இருக்கும். அப்புறம் "ம-ள-ள-ஸ்ரீ" என்று வரும். அது மகாராஜராஜஸ்ரீ என்பதன் சுருக்கம். அடுத்து பெயர், பிறகு "உபய க்ஷேமம்", அதன் பின் "இப்பவும்" என்று விஷயம் ஆரம்பிக்கும். இந்தச் சொற்கள் கடிதத்துக்குக் கடிதம் மாறாது. இருபது கடிதங்களில் இவற்றை மட்டும் பார்த்தால், அந்தக் கையெழுத்தில் அவர் க எப்படி எழுதுவார், ம எப்படி எழுதுவார் என்பது கண்ணுக்குப் பழகிவிடும். அதற்குப் பிறகு டைரிக்குப் போங்கள்.

குறியீடுகள் தனி. ௳ என்றால் நாள், ௴ மாதம், ௵ வருஷம். ௸ மேற்படி. ௶ பற்று, ௷ வரவு, ௹ ரூபாய். எண்களில் க ஒன்று, உ இரண்டு, ரு ஐந்து. எழுத்தா எண்ணா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனி வடிவங்கள் ௰, ௱, ௲ உண்டு. ஆகவே 1876 என்பது ௲௮௱௭௰௬ என்று இருக்கும். ஆயிரம், எட்டு நூறு, ஏழு பத்து, ஆறு என்று வாயால் சொல்லிக்கொண்டே படித்தால் எளிது.

கச்சேரிச் சொற்களுக்கு ஒரு பட்டியல் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஹுசூர் என்றால் கலெக்டர் கச்சேரி. அர்ஜி மனு. தாக்கீது மேலிடத்து உத்தரவு. முச்சலிகா எழுதிக் கொடுத்த உறுதிமொழி. ஜமாபந்தி வருஷாந்திர வரிக் கணக்குத் தணிக்கை. பைசல் தீர்த்துவிட்டது. கிஸ்தி வரித் தவணை. இவற்றில் பாதி நம் கிராமங்களில் இன்னும் புழங்குகிறது. அதனால் வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு சொல்லை, எண்பது வயதுப் பாட்டி காதால் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டார்.

ஐந்தாம் படி: தேதி

ஒரே மனிதர் டைரியில் ஒரு கணக்கில் தேதி போடுவார், மனுவில் வேறு கணக்கில் போடுவார். டைரியிலும் ஊர்க் கடிதத்திலும் தமிழ் வருஷம். நிலம், வரி சம்பந்தமான தாளில் பசலி என்ற வரிக் கணக்கு வருஷம். அரசாங்கத்துக்குப் போகும் மனுவில் இங்கிலீஷ் தேதி. திருநெல்வேலிப் பக்கம் என்றால் மலையாள வருஷமான கொல்லம் ஆண்டும் சேர்ந்துகொள்ளும்.

தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். அதனால் "தாது௵" என்பது 1816-17 ஆகவும் இருக்கலாம், 1876-77 ஆகவும் இருக்கலாம். சூழலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். பசலியோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் இங்கிலீஷ் வருஷம் வரும். நூற்றாண்டின் பிற்பாதியில் பசலி ஜூலை 1இல் தொடங்கியது. ஆக, பசலி 1286 என்பது 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. கொல்லம் 1052ம் ஏறத்தாழ அதே காலம், ஆவணியில் தொடங்கும்.

இப்படி ஒரு வரி வந்தால் என்ன செய்வது: "தாரண௵ ஐப்பசி௴ ௰௨௳". தாரண வருஷம் 1884-85. ஐப்பசி அப்போது அக்டோபர் நடுவில் பிறந்தது. 12ஆம் தேதி என்றால் அக்டோபர் கடைசி வாரம். சரியான நாள் வேண்டுமென்றால் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை தயாரித்த பஞ்சாங்க அட்டவணைகளைப் பாருங்கள். கிழமையும் எழுதியிருந்தால் அதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். கிழமை ஒத்துவரவில்லை என்றால் எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும், எழுதியவரை இல்லை.

தேதியே இல்லாத கடிதமா? உறையையும் முத்திரையையும் பாருங்கள். கால் அணா போஸ்ட் கார்டு 1879இல்தான் வந்தது. அதனால் கார்டில் இருக்கும் எதுவும் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நீர்க்குறியில் சில நேரம் காகித ஆலையின் பெயரோடு வருஷமும் தெரியும்.

ஆறாம் படி: பணமும் அளவும்

ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. கணக்கில் 3-8-6 என்று இருந்தால் மூன்று ரூபாய், எட்டு அணா, ஆறு பை. நூற்றாண்டின் தொடக்கத்துத் தாள் என்றால் வராகனும் பணமும் வரும். சென்னைக் கணக்கில் வராகனுக்கு மூன்றரை ரூபாய். நெல்லுக்குக் கலம், மரக்கால், படி. கலத்துக்கு 12 மரக்கால், ஆனால் மரக்காலின் அளவு ஊருக்கு ஊர் மாறும். நிலத்துக்கு வேலி, மா, குழி. வேலிக்கு 20 மா, மாவுக்கு 100 குழி. தஞ்சைப் பக்கத்து வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். பின்னங்கள் மாகாணி, அரைக்கால், முந்திரி வரை போகும். மாகாணி பதினாறில் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. தாளில் உள்ளதைப் பார்த்துப் பெயர்த்து எழுதும்போது இவற்றை இன்றைய அளவுக்கு மாற்றிவிடாதீர்கள். உள்ளபடியே எழுதி, மாற்றிய அளவைப் பக்கத்தில் தனியாகக் குறியுங்கள்.

ஏழாம் படி: டைரியையும் தாள்களையும் அருகருகே வைத்தல்

இதற்காகத்தான் இவ்வளவு பாடும். ஒரு நீளமான அட்டவணை போடுங்கள். இடது பக்கம் தேதி. அடுத்து டைரி சொல்வது, கணக்குப் புத்தகம் சொல்வது, வந்த கடிதம், போன கடிதத்தின் நகல், ரசீது, பத்திரம். ஒரு வருஷத்துக்கு மட்டும் போட்டுப் பாருங்கள்.

எந்த வருஷம் என்று கேட்டால், கட்டில் இருக்குமானால் தாது வருஷத்தையும் அதற்கடுத்த ஈஸ்வர வருஷத்தையும் எடுங்கள் என்பேன். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் அது. மழை பொய்த்தது. விலை ஏறியது. 1877 தொடக்கத்தில் இந்திய அரசாங்கம் அனுப்பிய அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்து, நிவாரண வேலைக்கான கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமாகக் குறைத்தார். அந்த நாட்களில் ஒரு கிராமத்துப் பெரிய மனிதர் என்ன செய்தார் என்பது அவரைப் பற்றிய எல்லாக் கேள்விக்கும் அடியில் இருக்கிற கேள்வி.

நான் படித்த ஒரு கட்டில், டைரியின் தாது வருஷப் பக்கங்கள் மனதைப் பிசைந்தன. வாசலில் கஞ்சி ஊற்றியதை நாள் தவறாமல் எழுதியிருக்கிறார். எத்தனை பேர் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யார் வழியில் விழுந்து இறந்தார்கள் என்பதெல்லாம் இருந்தது. ஒரு நாள் "மனசு சரியில்லை" என்று இரண்டே சொல். அதே மாதத்துக் கணக்குப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்தேன். குதிரிலிருந்து நெல் வண்டி வண்டியாக வெளியே போயிருக்கிறது. ஒவ்வொரு விற்பனையிலும் விலை முந்தையதைவிட அதிகம். பத்திரக் கட்டில் அதே தேதிகளில் எழுதிய சிறு சிறு அடமானச் சீட்டுகள். ஒரு மா, அரை மா என்று நிலத்தை வைத்து நெல் வாங்கியவர்கள். ஒவ்வொரு சீட்டின் அடியிலும் ஒரு கோணல் கீறல், அதைச் சுற்றி வேறொருவர் கையில் "இது இன்னாருடைய தற்குறி" என்று எழுத்து. எழுதத் தெரியாதவர் தானே இட்ட குறி அது. ஒரு கீறல் தாளையே கிழித்திருந்தது. எழுதுகோலைப் பிடித்துப் பழக்கமில்லாத கை அழுத்திய வேகம் நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து விரலில் தட்டுப்பட்டது.

கஞ்சியும் உண்மை, சீட்டும் உண்மை. இரண்டில் ஒன்றை எடுத்து மற்றதை மறைத்தால் அந்த மனிதர் நமக்குக் கிடைக்கமாட்டார். வள்ளல் என்று ஒரு கட்டுரையும் எழுதலாம், கொள்ளைக்காரர் என்று ஒரு கட்டுரையும் எழுதலாம். இரண்டுமே சுலபம். அட்டவணையை முழுதாகப் போட்டபின் எழுதுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

மனு நகல்களையும் இதே மாதிரிப் படிக்க வேண்டும். அடித்த வரிகளை விட்டுவிடாதீர்கள். முதலில் "ஊர் ஜனங்கள்" என்று எழுதி, அதை அடித்து "பட்டாதாரர்கள்" என்று போட்டிருந்தால், யாருக்காகப் பேசுகிறோம் என்பதை அவர் அந்த இடத்தில்தான் முடிவு செய்திருக்கிறார். அடித்த வரியே அங்கே அரசியல்.

எட்டாம் படி: அரசாங்கப் பதிவுகளோடு பொருத்திப் பாருங்கள்

மனு போனது சரி, பதில் என்ன ஆயிற்று? சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரிய நடவடிக்கைகளும், உள்ளாட்சித் துறைக் கோப்புகளும், மாவட்டப் பதிவுகளும் இருக்கின்றன. போகும் முன் வருஷம், மாவட்டம், தாலூகா, விஷயம் நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் நாள் வீணாகும், ஏனென்றால் ஆங்கிலத்தில் நம் பெயர்களை ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். போர்டு நியமனங்கள் அரசாங்க கெஜட்டில் வந்தன. தமிழ்ப் பத்திரிகைகளில் வந்தவற்றை ஆங்கிலத்தில் சுருக்கி அரசாங்கம் தனக்காகத் தொகுத்து வைத்த அறிக்கைகளும் உண்டு. 1882இல் தொடங்கிய சுதேசமித்திரனுக்கு உள்ளூரிலிருந்து எழுதியவர்களில் உங்கள் ஆளும் ஒருவராக இருக்கலாம்.

ஒன்பதாம் படி: வெளியிடும் முன்

இந்தத் தாள்களில் சாதிப் பெயர்கள், வசைச் சொற்கள், பண்ணையாள் கடன், சொத்துத் தகராறு, குடும்ப ரகசியம் எல்லாம் இருக்கும். பெயர்த்து எழுதும்போது ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது, மென்மையாக்கக்கூடாது. ஆனால் எல்லாவற்றையும் உடனே ஊர் முன் வைக்க வேண்டும் என்பதில்லை. அடமானச் சீட்டில் கீறல் இட்டவரின் பேரப்பிள்ளைகளும் அதே ஊரில் இருப்பார்கள். பெட்டியின் உரிமையாளர் வீட்டில் மட்டும் கேட்டால் போதாது, முடிந்தவரை அவர்களிடமும் கேளுங்கள்.

பத்தாம் படி: பிரதியும் இருப்பிடமும்

பெயர்த்து எழுதுவதில் சில விதிகளை வைத்துக்கொள்ளுங்கள். வரிக்கு வரி பிரியுங்கள். புள்ளி நீங்களாக வைத்தால் அதை முன்னுரையில் சொல்லிவிடுங்கள். படிக்க முடியாத எழுத்துக்குப் பகர அடைப்பில் [ ] ஒரு புள்ளி, ஊகித்துப் படித்ததற்கு அதே அடைப்பில் கேள்விக்குறி. அடித்தவற்றைக் கோடிட்டே காட்டுங்கள். கோப்புப் பெயரில் கட்டு எண், தாள் எண், முன்பக்கம் அல்லது பின்பக்கம் என்ற மூன்றும் இருக்கட்டும். பின்பக்கம் வெற்றாக இருந்தாலும் போட்டோ எடுங்கள். மூன்று பிரதிகள், அவற்றில் ஒன்று வேறு ஊரில்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, அவர் இறந்து எண்பத்தைந்து வருஷம் கழித்து, 1846இல்தான் வெளியார் கண்ணில் பட்டது. அதுவரை அது வீட்டில் இருந்தது. பார்த்தவர்கள் உட்கார்ந்து பிரதி எடுத்ததால்தான் அது வீட்டைத் தாண்டியது.

மூலத்தை வீட்டில் வைக்க முடியாது என்றால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் கேட்டுப் பாருங்கள். கொடுக்கும்போது டைரியைத் தனியாகக் கொடுக்காதீர்கள். கட்டுகள், கம்பி ரசீதுகள், ஓலை, எலி கடித்த கணக்குப் புத்தகம், நீங்கள் முதல் நாள் எடுத்த போட்டோக்கள், அவிழ்த்த நூல்கள் எல்லாம் ஒரே பெட்டியில், ஒரே பட்டியலோடு போகட்டும்.